மெய்யோடு சேர்ந்த பொய்க்கால்

செயற்கையாகச் செய்து பூட்டப்படும் காலைப் பொய்க்கால் என்று சொல்வது நம் மரபு. கோயில் திருவிழாக்களில் பொய்க்கால் குதிரை ஆட்டத்தைக் கண்டு மகிழாத தமிழர் இலர். ஆட்டம் முடிந்ததும் அந்த ஆட்டக்காரர் கட்டைகளை அவிழ்த்து வைத்துவிட்டுத் தம் சொந்தக் கால்களால் வீட்டுக்கு நடந்து போய்விடுகிறார். விபத்திலோ, போரிலோ, நோயிலோ காலை இழந்தவருக்கு அந்த வசதி இல்லை. அவர் நடக்க வேண்டுமானால் பொய்க்காலைப் பூட்ட வேண்டும். அவிழ்த்துவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஆகவே, அந்தக் கால் எந்த மரத்தால் ஆனது, எந்த உலோகத்தால் ஆனது என்பதைவிட, அது உடலோடு எங்கே, எப்படிச் சேர்கிறது என்பதே அவருடைய வாழ்க்கையை நிர்ணயிக்கும் கேள்வியாகிறது.

இந்தக் கேள்விக்கு மனிதகுலம் நெடுங்காலம் ஒரே விடைதான் வைத்திருந்தது. மீந்திருக்கும் காலை ஒரு கூட்டுக்குள் நுழைத்து, அந்தக் கூட்டை வாரால் இறுக்கிக் கட்டுவது என்பதே அவ்விடை. 1990ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் இதற்கு வேறொரு விடை சொல்லப்பட்டது. பொய்க்காலைத் தோலின்மேல் கட்டாமல், எலும்பிலேயே ஊன்றிவிடுவது என்பதே அந்தப் புதிய விடை. அது பிறந்த வரலாற்றையும், அதனோடு வாழ்கிறவர்கள் பெற்றதையும் கொடுத்ததையும் நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

பொய்க்காலைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று நம் நாட்டில்தான் இருக்கிறது. ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில், அசுவினி தேவர்களைப் போற்றும் பாடலொன்றில் விசுபலை என்பவளின் பெயர் வருகிறது. போரில் கால் அறுபட்ட அவளுக்கு அத்தேவர்கள் உலோகத்தாலான காலைத் தந்தார்கள் என்பது அங்குள்ள செய்தி. விசுபலை ஒரு பெண் அல்லள், பந்தயக் குதிரை என்று கொள்ளும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும், இழந்த காலுக்கு ஈடாக வேறொரு கால் வேண்டும் என்ற ஆசை அத்தனை பழைமையானது என்பது தெளிவு.

ஆசைக்கு அடுத்தபடி கிடைக்கும் சான்று எகிப்தில் இருக்கிறது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பெண்ணின் சடலத்தில், மரத்தாலும் தோலாலும் செய்த கட்டைவிரல் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. இத்தாலியில் காப்புவா என்னும் ஊரில் ஒரு கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட கால், கி.மு. 300ஐ ஒட்டியது, மரத்தின்மேல் வெண்கலத் தகடு வேய்ந்து செய்யப்பட்டது. லண்டன் ரணசிகிச்சையாளர் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டுவந்த அது, 1941இல் விமானக் குண்டுவீச்சில் அழிந்துபோயிற்று. போரினால் கால் இழந்தோருக்குக் கால் செய்யும் கலையின் மிகப் பழைய சின்னமொன்று போரினாலேயே அழிந்தது.

மேலைநாடுகளில் இக்கலை வளர்ந்த வரலாறு முழுவதும் யுத்தங்களின் வரலாறாகவே இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர்களிடம் ரணவைத்தியராக இருந்த அம்புரோசு பாரே, காலை அறுத்தபின் இரத்தக் குழாயை நூலால் கட்டும் முறையைக் கைக்கொண்டார். அதனால் அறுவைக்குப் பின்னும் பிழைத்திருப்போர் தொகை பெருகிற்று. பிழைத்தவர்களுக்குக் கால் வேண்டியிருந்தது. முழங்காலில் பூட்டித் திறக்கும் அமைப்புடைய காலொன்றையும் அவரே வரைந்து காட்டினார். 1800இல் லண்டனில் ஜேம்ஸ் பாட்ஸ் என்பவர் முழங்காலையும் கணுக்காலையும் நரம்புக் கயிற்றால் இணைத்து ஒரு மரக்காலை உருவாக்கினார். 1815இல் வாட்டர்லூப் போரில் கால் இழந்த ஆங்கிலேசிப் பிரபு அதனை அணிந்தமையால், அவர் பெயரே அக்காலுக்கு நிலைத்துவிட்டது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்திலேயே காலை இழந்த ஜேம்ஸ் ஹேங்கர் என்னும் இளைஞர், பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கித் தமக்குத் தாமே ஒரு கால் செய்துகொண்டார். பின்னர் அதுவே அவருடைய தொழிலாயிற்று.

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டனில் மட்டும் 41,000க்கு மேற்பட்ட வீரர்கள் கையையோ காலையோ இழந்தார்கள். அவர்களுக்காக 1915இல் லண்டனை அடுத்த ரோஹாம்ப்டனில் ஓர் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மரத்தின் இடத்தில் அலுமினியம் வந்தது. இரண்டாம் உலக யுத்தம் நம் நாட்டிலும் இத்தகைய நிலையத்தின் தேவையை உணர்த்தியது. 1944இல் புனே நகரில் ராணுவத்தின் செயற்கை அவயவ நிலையம் தோன்றிற்று. சுதந்திரத்துக்குப் பின் 1972இல் கான்பூரில் செயற்கை அவயவ உற்பத்திக் கழகம் அமைக்கப்பட்டது.

இவ்வளவு முன்னேற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவேயில்லை. மரமானாலும், அலுமினியமானாலும், பிற்காலத்துக் கரியிழையானாலும், பொய்க்காலின் மேற்பகுதி ஒரு கூடாகவே இருந்தது. மீந்த கால் அந்தக் கூட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். உடலின் பாரமெல்லாம் கூட்டின் சுவர் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும்.

இதிலுள்ள இடர்ப்பாட்டைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். இயற்கை நம் உடலின் பாரத்தை எலும்பின்மேல் ஏற்றியிருக்கிறது. அந்தப் பாரம் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் தடித்த தோலையும், அதனடியில் மெத்தை போன்ற கொழுப்பையும் வைத்திருக்கிறது. அதுவே உள்ளங்கால். தொடையின் தோலோ ஆடையின் உராய்வை மட்டுமே அறிந்தது. அந்தத் தோலையும் அதனடியிலுள்ள தசையையும் கூட்டுக்குள் இறுக்கி, ஆளின் பாரத்தை அவற்றின்மேல் சுமத்தும்போது தோல் சிவக்கிறது, கொப்புளிக்கிறது, புண்ணாகிறது. வியர்வை வெளியேற வழியில்லை. உடல் இளைத்தால் கூடு தளர்கிறது. பருத்தால் நுழைய மறுக்கிறது. காலையில் சரியாக இருந்த கூடு மாலையில் சரியாக இருப்பதில்லை. தொடையளவில் காலை இழந்தவருக்குக் கூட்டின் மேல்விளிம்பு இடுப்பின் அடியில் அழுத்துவதால் நாற்காலியில் அமர்வதும் வேதனையே.

குளிர்ந்த நாடாகிய சுவீடனிலேயே, தொடையளவில் கால் இழந்து பொய்க்கால் அணிந்தோர் 97 பேரை விசாரித்து 2001இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 72 பேர் கூட்டுக்குள் உண்டாகும் வெப்பத்தையும் வியர்வையையும் குறைகூறினர். 62 பேர் புண்ணையும் எரிச்சலையும் சொன்னார்கள். அந்த நாட்டிலேயே அப்படியென்றால், சித்திரை வெயிலில் சென்னையிலும், ஜூன் மாத அனலில் தில்லியிலும் பொய்க்கால் அணிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கூட்டைச் செம்மைப்படுத்தும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. காற்றை வெளியேற்றி உறிஞ்சு விசையால் கூட்டை நிறுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1863இலேயே உரிமைப் பத்திரம் பெறப்பட்டது. 1980களில் ஐஸ்லாந்தில் சிலிக்கோன் உறை உருவாயிற்று. இவற்றால் பலர் நலம் பெற்றனர். ஆனால், பாரம் தோலின்மேல் இறங்குவது என்னும் அடிப்படை அப்படியே இருந்தது.

நம் நாட்டின் அரிய பங்களிப்பாகிய ஜெய்ப்பூர்க் காலும் இந்தக் கூட்டு மரபைச் சேர்ந்ததே. 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் எலும்பு வைத்தியர் பிரமோத் கரண் சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அதனை உருவாக்கினார்கள். மேலைநாட்டுக் கால் பூட்ஸ் அணிந்து நாற்காலியில் அமர்வோருக்காகச் செய்யப்பட்டது. நம் குடியானவரோ வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர். தரையில் சம்மணமிட்டு உண்கிறவர். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர். அவருக்கு ஏற்றவாறு ரப்பரால், மனிதப் பாதத்தின் வடிவிலும் நிறத்திலும், எப்பக்கமும் வளைந்துகொடுக்கும் பாதத்தை அவ்விருவரும் அமைத்தனர். 1975இல் தேவேந்திர ராஜ் மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி அதனை ஏழைகளுக்கு இலவசமாக வழங்கிவருகிறது. 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது.

அதே 1981இல்தான், மும்பையில் வளர்ந்த பரத நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் தமிழ்நாட்டில் ஒரு பஸ் விபத்தில் சிக்கிக் காலை இழந்தார். ஜெய்ப்பூர்க் காலை அணிந்து, புண்ணையும் வலியையும் பொறுத்துப் பயின்று, 1984இல் அவர் மீண்டும் மேடையேறினார். பிறகு அவர் வாழ்க்கையே திரைப்படமாயிற்று. அவருடைய வெற்றி போற்றத்தக்கது. ஆயினும் அதில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. பாதத்தின் குறையை ஜெய்ப்பூர் தீர்த்தது; கூட்டின் குறையை அணிபவரின் மனவுறுதிதான் தாங்கிக்கொண்டது.

அந்தக் குறைக்கு மாற்று, கால் செய்யும் பட்டறை எதிலும் பிறக்கவில்லை; இரத்த ஓட்டத்தை ஆராய்ந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராமல் பிறந்தது. அதைச் சொல்லுமுன் டைட்டானியம் என்னும் உலோகத்தை அறிமுகப்படுத்த வேண்டும். 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்னும் பாதிரியார் ஒரு கருமணலில் இதனைக் கண்டார். சில ஆண்டுகளில், கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடற்கரையில் காணும் கருமணலிலும் இதன் தாது இருக்கிறது. இரும்பைவிட இலேசானது; உறுதியானது; காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்வதால் எளிதில் அரிக்கப்படாதது.

பேர்-இங்வார் பிரானேமார்க் என்னும் சுவீடன் நாட்டு விஞ்ஞானி 1952இல் லுண்ட் நகரில், எலும்புக்குள் இரத்தம் ஓடும் விதத்தைக் கண்ணால் காண விரும்பினார். அதற்காக டைட்டானியத்தாலான ஒரு நுண்ணிய கருவியை முயலின் கால் எலும்பில் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்ததும் விலையுயர்ந்த அக்கருவியை மீட்டெடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனைத் தன்னோடு சேர்த்துப் பிணைத்துக்கொண்டிருந்தது. உடல் எந்த அந்நியப் பொருளையும் நார்த்திசுவால் சூழ்ந்து ஒதுக்கிவைக்கும் என்பதே அக்காலத்து வைத்தியர்களின் கொள்கை. இங்கோ எலும்பு உலோகத்தை ஒதுக்காமல், இடைவெளி இன்றி அதன்மேல் வளர்ந்திருந்தது. இந்நிகழ்ச்சிக்கு அவர் பின்னாளில் இட்ட பெயரைத் தமிழில் எலும்பிணைவு என்று சொல்லலாம்.

அந்த அறிவை அவர் முதலில் பற்களுக்குப் பயன்படுத்தினார். 1965இல் கோதன்பர்க் நகரில், தாடையில் பற்களில்லாத ஒரு மனிதருக்கு டைட்டானிய வேர்களை ஊன்றிப் பற்களைப் பொருத்தினார். அவை அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருந்தன. எனினும் பல் வைத்தியர்கள் எளிதில் நம்பவில்லை. 1982இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே உலகம் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தது. இன்று நம் ஊர்களிலும் பல் வைத்தியர்கள் ஊன்றிவரும் பற்கள் அந்த முயலின் காலிலிருந்து வந்தவையே.

பல்லிலிருந்து காலுக்குச் செல்வது எளிய அடி அன்று. தாடையில் பல் தாங்கும் பாரம் எங்கே, நடக்கும் மனிதனின் முழு உடலையும் தாங்கும் தொடையெலும்பின் பாரம் எங்கே! அதனினும் பெரிய தடை தோல். எலும்பிலிருந்து ஓர் உலோகத் தண்டு தோலைத் துளைத்து வெளியே வந்தால், அந்தத் துளை வழியே கிருமிகள் உள்ளே போகும். அமெரிக்காவில் 1970களில் செய்து பார்க்கப்பட்ட இத்தகைய முயற்சிகள் இக்காரணத்தாலேயே நிலைபெறவில்லை. ஆயினும் 1990இல் கோதன்பர்க் நகரில், இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேல் இழந்திருந்த ஓர் இளம்பெண்ணுக்குத் தொடையெலும்பில் டைட்டானியத் திருகு ஊன்றப்பட்டது. பிரானேமார்க்கின் மகனும் எலும்பு வைத்தியருமான ரிக்கார்டு பிரானேமார்க் இப்பணியைத் தலைமேற்கொண்டு வளர்த்தார்.

முதல் பத்தாண்டுகளில் வெற்றியோடு தோல்வியும் கலந்திருந்தது. சிலருக்குத் திருகு தளர்ந்தது, சிலருக்குச் சீழ்பிடித்தது. அந்த அனுபவங்களைத் தொகுத்து 1999இல் ஒரு கண்டிப்பான முறை வகுக்கப்பட்டது. அதன் சாரம் பொறுமை என்னும் ஒரு சொல்லில் அடங்கும். முதல் அறுவையில் தொடையெலும்பின் உட்குழலில் திருகைப் பொருத்தித் தோலை மூடிவிடுகிறார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் எலும்பு அதனைப் பற்றிக்கொள்ள விட்டுவைக்கிறார்கள். இரண்டாம் அறுவையில் அந்தத் திருகோடு ஒரு தண்டைச் சேர்த்துத் தோலுக்கு வெளியே நீட்டுகிறார்கள். தண்டைச் சுற்றித் தோல் அசைந்து உராயாதபடி, அதனை மெல்லியதாக்கி எலும்பின் முனையோடு ஒட்டச் செய்கிறார்கள்.

அதன்பின் தொடங்குவது நடையன்று, நிறுவை. வீட்டில் எடை பார்க்கும் சாதாரணக் கருவி ஒன்றின்மேல், சிறிய பயிற்சிக் காலை ஊன்றி நிற்க வேண்டும். முதலில் 20 கிலோ பாரம்தான் அனுமதி. பிறகு வாரத்துக்குப் பத்துக் கிலோவாகக் கூட்டிக்கொண்டே போய், உடலின் முழுப் பாரமும் ஏறியபின்பே முழுநீளக் காலைப் பூட்டுகிறார்கள். அப்போதும் பல வாரம் ஊன்றுகோல் வேண்டும். முதல் அறுவையிலிருந்து தன்விருப்பமாக நடக்கும் நாள்வரை ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. எலும்பு தன்மேல் ஏறும் பாரத்தைக் கண்டு உரம் பெறுவது. ஆனால் அவசரப்படுத்தினால் பிடியை விட்டுவிடுவது. ஆகவே அதன் போக்கிலேயே அதனைப் பழக்குகிறார்கள்.

இனி, இத்தகைய காலோடு வாழ்கிறவரின் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் எழுந்ததும் அவர் உறையை மாட்டி, கூட்டுக்குள் காலைத் திணித்து, வாரை இறுக்க வேண்டியதில்லை. வெளியே நீட்டியிருக்கும் தண்டில் பொய்க்காலைச் செருகி, ஒரு சிறு சாவியால் திருகினால் போதும். சில நொடி வேலை. கால் முறுக்கிக்கொள்வதில்லை, கழன்று விழுவதில்லை. நாற்காலியில் அமர்ந்தால் இடுப்பை அழுத்த விளிம்பு இல்லை. கோடையானாலும் தோல் காற்றாடுகிறது. இடுப்பு மூட்டு தடையின்றி அசைகிறது. உடல் இளைத்தாலும் பருத்தாலும் புதிய கூடு தேட வேண்டியதில்லை.

இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. காலடியில் இருப்பது கல்லா, புல்லா, கம்பளமா என்பதை அவர் ஓரளவு உணர்கிறார். தரையின் அதிர்வு உலோகத்தின் வழியாக எலும்புக்கு ஏறி, எலும்பின் வழியாக உணர்வாகிறது. கூட்டுக்குள்ளிருந்த தோலும் தசையும் இடையில் மெத்தைபோல் நின்று அந்தச் செய்தியை விழுங்கிக்கொண்டிருந்தன. இதனை எலும்புணர்வு என்று அறிஞர் குறிக்கின்றனர். இத்தகைய காலை உடையோருள் சிலர், அதனை அணிகிறேன் என்று சொல்வதைவிடத் தம் கால் என்றே சொல்லத் தலைப்படுகிறார்கள். மெய் என்னும் தமிழ்ச் சொல்லுக்கு உண்மை என்றும் உடம்பு என்றும் இரு பொருள் உண்டு. மெய்யோடு சேர்ந்தபின் அது எந்த அளவுக்குப் பொய்க்கால் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால், பெற்றதை மட்டும் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எலும்பு உலோகத்தை ஏற்றுக்கொண்டது, தோல் ஏற்றுக்கொள்ளவேயில்லை. தண்டு வெளியேறும் அந்த இடம் என்றும் ஆறாத வாயில். நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு அதனைக் கழுவ வேண்டும். கசியும் நீரைத் துடைக்க வேண்டும். சிவந்திருக்கிறதா, வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல் துலக்குவதைப்போல இதுவும் வாழ்நாள் கடமையாகிவிடுகிறது. சுவீடன் முறையில் ஓடுவதும் குதிப்பதும் தவிர்க்கப்படுகின்றன. கீழே விழுந்தால் எலும்பு முறியலாம், தண்டு வளையலாம். அதனால் மிகையான முறுக்கு வந்தால் தானே விட்டுக்கொடுக்கும் ஒரு காப்பு அமைப்பை இடையில் வைக்கிறார்கள்.

1999 முதல் இம்முறையில் சிகிச்சை பெற்ற 51 பேரின் கணக்கு 2014இல் வெளிவந்தது. இரண்டாண்டு முடிவில் நூற்றுக்கு 92 திருகுகள் நிலைத்திருந்தன. நடை, வாழ்க்கை நலம் இரண்டும் உயர்ந்திருந்தன. ஆனால் அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஒருமுறையேனும் தோலளவில் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். பெரும்பாலும் அது மருந்தில் அடங்கிவிடுவது. எலும்புக்குள் தொற்று இறங்குவதே அஞ்சத்தக்கது. அதே நகரத்து நோயாளிகள் 96 பேரை நெடுநாள் கவனித்து 2017இல் வெளியான ஆய்வு, பத்தாண்டுக் காலத்தில் எலும்புத் தொற்று நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 20 என்றும், அதனால் திருகையே எடுத்துவிட நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 9 என்றும் கணித்தது. ஐவரில் ஒருவருக்கு வரக்கூடிய ஆபத்தை முன்கூட்டி அறிந்தே ஒருவர் இக்காலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அறிந்தும் தேர்ந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், கூட்டுக்குள் அவர்கள் பட்ட பாடு எத்தகையது என்பதை நாம் ஊகிக்கலாம்.

தோலின் வாயிலை அடைக்கும் வழியைப் பல நாட்டாரும் தேடினர். இங்கிலாந்தில் லண்டன் பல்கலைக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் மானின் கொம்பைப் பார்த்தார்கள். மான்கொம்பு உண்மையில் எலும்பே. அது தோலைத் துளைத்து வெளியே வளர்ந்தும் மானுக்குச் சீழ்பிடிப்பதில்லை. கொம்பின் அடியில் எலும்பு நுண்துளைகள் நிறைந்திருப்பதும், தோல் அத்துளைகளில் வேரூன்றி இறுகப் பற்றிக்கொள்வதும் அதற்குக் காரணம் என்று 2006இல் வெளியிட்டார்கள். அதனைப் பின்பற்றித் தோலுக்கடியில் துளைகளுள்ள ஒரு தகட்டை அமைத்தும் பார்த்தார்கள். ஜெர்மனியின் லூபெக் நகரில் 1999 முதல் திருகுக்குப் பதிலாகச் சொரசொரப்பான புறப்பரப்புடைய தண்டை எலும்புக்குள் இறுக்கும் வேறொரு முறை கையாளப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் 2010க்குப் பின் இச்சிகிச்சை பரவியது. அங்கே காத்திருக்கும் காலத்தைச் சுருக்கி, ஒரே அறுவையில் முடிக்கும் முறையும் வந்தது. அமெரிக்க அரசு சுவீடன் முறைக்கு 2015இல் வரையறுத்த அனுமதியும், 2020 டிசம்பரில் முழு அனுமதியும் அளித்தது. மூத்த பிரானேமார்க் 2014 டிசம்பரில் காலமானார். அந்த முழு அனுமதியைக் காண அவர் இல்லை.

இச்சிகிச்சை யாருக்கு உரியது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. விபத்திலோ போரிலோ கட்டியாலோ காலை இழந்து, மற்றபடி உடல்நலத்தோடு இருந்து, கூடு ஒத்துவராமல் துன்புறுபவருக்கே இது பெரும்பாலும் செய்யப்படுகிறது. நீரிழிவாலும் இரத்தக் குழாய் அடைப்பாலும் காலை இழந்தவர்களுக்கு, புண் ஆறுவது கடினமாதலால், வைத்தியர்கள் தயங்குகிறார்கள். புகைபிடிப்பவர் அதனை விட்டாக வேண்டும். நம் நாட்டிலோ நீரிழிவு காலிழப்புக்கு ஒரு பெருங்காரணமாக இருக்கிறது. மேலும் இக்காலை அறுவையோடு முடிந்த காரியமாக எண்ண இயலாது. ஆண்டுதோறும் சோதிக்கும் ஆஸ்பத்திரி வேண்டும். தொற்று வந்த அன்றே சென்று காட்டத்தக்க தூரத்தில் வைத்தியர் வேண்டும். கழுவ நல்ல நீர் வேண்டும். கிராமத்தில் வயலுக்குப் போகிறவரிடம் இவற்றில் எது இருக்கிறது என்று பார்க்காமல் அவர் தொடையில் உலோகத்தை ஊன்றுவது உதவியாகாது. அவருக்கு இன்னும் பலகாலம் ஜெய்ப்பூர்க் காலே துணையாக இருக்கும்.

எனவே ஒன்று மற்றொன்றை வென்றது என்று இவ்வரலாற்றை முடிக்க இயலவில்லை. ஜெய்ப்பூர் கைவினைஞர், கால் தொடும் மண்ணைப் பார்த்தார். கோதன்பர்க் விஞ்ஞானி, கால் சேரும் எலும்பைப் பார்த்தார். இருவருக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. காலை இழந்தவர் எதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டு, அதைப் பொறுத்தே தீரவேண்டும் என்ற எண்ணத்தை அவர்கள் ஏற்க மறுத்தார்கள்.

பிறந்த மண்ணைவிட்டு வேற்று மாநிலத்தில் வேரூன்றி வாழும் நம்மவர்க்கு, அந்த முயலின் எலும்பு சொல்லும் செய்தி புரியாமற் போகாது. அந்நியமான ஒன்று ஓரிடத்தோடு இணைவதற்குக் காலம் வேண்டும். பாரத்தைச் சிறிது சிறிதாகவே ஏற்ற வேண்டும். இணைந்தபின்னும், சேர்ந்த இடத்தை நாள்தோறும் பேணிக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பில் ஊன்றிய காலோடு ஒவ்வொரு காலையும் எழுகிறவர் சாவியைத் திருகுமுன் அந்தச் சிறு வாயிலைத்தான் முதலில் கழுவுகிறார். நடை அதற்குப் பிறகே தொடங்குகிறது.